திரையில் மங்கித் தெளியும் புள்ளி

செப்டம்பர் 9

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். மாமாவுக்கும் காட்டாதீர்கள். படித்ததும் கிழித்து இரண்டு வேறு வேறு குப்பைத் தொட்டிகளில் போட்டுவிடுங்கள். நான் உங்களுக்கு எழுதினேன் என்று அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் தெரியும்.

குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாளியைக் கவிழ்த்து நாற்காலி ஆக்கியிருக்கிறேன். பேனா சத்தம் வெளியே போகாமல் இருக்கக் குழாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறேன். பேனாவுக்கு ஏதடி சத்தம் என்று சிரிப்பீர்கள். இந்த வீட்டில் இப்போது எல்லாமே கேட்கிறது. உங்கள் எண்ணை அம்மா போனிலிருந்து அழித்துவிட்டாள், அதனால்தான் கடிதம்.

அப்பா இறந்ததிலிருந்து, ராத்திரி சாப்பிட்டதும் அம்மா என்னை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். "வயசுப் பொண்ணத் தனியா விட்டுட்டுப் போவேனா" என்கிறாள். நீங்களும் அப்பாவோடு வேலை பார்த்த அறைதான். நடுவில் அந்த எஃகுச் சேம்பர், கண்ணாடி ஜன்னல் வைத்த பெரிய குக்கர் மாதிரி. அதற்குள் காற்றே இல்லாத இடத்தில் அப்பாவின் படிகம், நகத்தளவு. அதன் மேல் அவர் எலக்ட்ரான்களைப் பாய்ச்சிக்கொண்டிருந்த நாளில்தான் நெஞ்சு வலி வந்தது. திரையில் புள்ளி நல்ல கூர்மையாக இருந்த நேரத்தில், அவற்றைப் பாய்ச்சும் கருவியை, எலக்ட்ரான் கன்னை, அணைத்திருக்கிறார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான்.

அந்தப் புள்ளியைப் பற்றித்தான் கேட்க வேண்டும். அப்பா எனக்குச் சொன்னது இதுதான். பக்கத்து அறையில் அம்மா ஓட்டும் மெஷினிலிருந்து வரும் புரோட்டான், படிகத்தின் மேல் உரசினாற்போல் பட்டு, குளத்தில் சில்லு எறிந்தால் தத்திப் போவதுபோல் எகிறி, ஒளிரும் திரையில் போய் விழும். மேற்பரப்பு மழமழவென்று இருந்தால் புள்ளி கூர்மையாக இருக்கும். எலக்ட்ரான் பட்டு மேல் அடுக்கில் அங்கங்கே குழி விழுந்தால் புள்ளி கலைந்து மங்கும். அந்த அடுக்கு முழுக்க உரிந்து அடுத்த அடுக்கு வெளியே வந்ததும் மறுபடி தெளியும். சரிதானே?

இப்போது எலக்ட்ரான் கன்னின் கம்பியைக் கழற்றி அலமாரியில் பூட்டி, சாவியை அம்மா கழுத்துச் சங்கிலியில் கோத்திருக்கிறாள். அப்பா கடைசியாகத் தொட்ட பரப்பு அப்படியே இருக்க வேண்டுமாம். யாரும் அதைத் தொடவில்லை. ஆனால் புள்ளி மாறுகிறது. ஒரு வாரம் மங்குகிறது, அடுத்த வாரம் தெளிகிறது.

முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு அம்மா என் தோளைப் பிடித்தாள். "பாத்தியா? வந்துட்டுப் போயிருக்கார்."

"யாரும்மா?"

"வேற யாரு. விட்ட வேலைய முடிக்காம அவருக்குத் தூக்கம் வருமா?"

அடுத்த மாதக் கடைசியில் வேறொரு குழு சேம்பரை எடுத்துக்கொள்ளப் போகிறது என்று டைரக்டர் சொல்லிவிட்டார். அதைத் திறந்தாக வேண்டும். அம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "தொறந்தா காத்து பட்டுடும். காத்து பட்டா அவர் போயிடுவார். அவர் போற அன்னைக்கு நானும் கூடப் போயிடுவேன்." சொல்லிவிட்டு என் பாவாடையை மடித்து மேலே வைத்தாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

எலக்ட்ரான் படாமல் படிகம் தானாக மாறுமா, அத்தை? மாறும் என்றால் அதை அம்மாவிடம் சொல்லிவிடுவேன். மாறாது என்றால், உள்ளே இருப்பது அப்பாவா?

பதிலை, வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிற, நாங்கள் கொசு என்று கூப்பிடுகிறவள் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள். உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். அவள் பிரிக்கமாட்டாள். பிரித்தாலும் அவளுக்குப் புரியாது.

பொடிசு


செப்டம்பர் 15

பொடிசு,

கிழிக்கவில்லை. மாமாவுக்கும் காட்டவில்லை. பாதி சொன்னபடி கேட்டிருக்கிறேன்.

உன் அம்மா என்னிடம் கடைசியாகப் பேசியது என்ன தெரியுமா? "இந்தப் பக்கம் கால வச்ச, என் பொணத்தத்தான் பாப்ப." அண்ணனை அனுப்பிவிட்டு வந்த வாரம் அது. அவளுக்குப் புருஷன் போனான், சரி. எனக்கு அண்ணன் போகவில்லையா? துக்கம் விசாரிக்க வந்த ஒருத்தராவது என்னைக் கேட்டார்களா? டீ ஊற்றச் சொன்னார்கள்.

இதையெல்லாம் உன்னிடம் எழுதுவது தப்பு. எழுதியதை அடிக்காமல் விடுகிறேன், வேறு தாள் இல்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். படிகம் சும்மா இருந்தால் மாறாது. எலக்ட்ரான் படாமல் ஓர் அடுக்கும் உரியாது. நீங்கள் பார்க்கிற சில நிமிடங்களில், உரசிக்கொண்டு போகும் புரோட்டானும் அவ்வளவு செய்யாது. ஆகவே உள்ளே எங்கிருந்தோ எலக்ட்ரான் வருகிறது. பேயை நம்புவதற்கு முன்னால் ஸ்விட்சுகளைப் பார்ப்பது எங்கள் வழக்கம். பார்த்துச் சொல். படிகத்தைச் சூடாக வைக்கும் ஹீட்டர் ஓடுகிறதா? அறை விளக்கை அணைத்த பிறகு சேம்பருக்குள் ஏதாவது வெளிச்சம் தெரிகிறதா? எதையும் தொடாதே.

நான் வருவதைப் பற்றிக் கேட்டுவிடாதே. நீ கேட்கவில்லைதான். ஆனாலும்.

அத்தை


செப்டம்பர் 20

அன்புள்ள அத்தைக்கு,

ஹீட்டர் ஓடுகிறது. அப்பா வைத்த சூட்டிலேயே இருக்கட்டும் என்று அம்மா விட்டுவைத்திருக்கிறாள்.

வெளிச்சமும் இருக்கிறது. சேம்பரின் மேல் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சிறு இழை. அம்மா மெஷினை ஓட்டப் பக்கத்து அறைக்குப் போவாள். புள்ளி விழுந்ததும் "வந்துடுச்சு" என்று கத்துவது என் வேலை. அதுவரை நான் இருட்டில் தனியாக நிற்பேன். அந்த நேரம் முழுவதும் அந்த இழை என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அது என்னவென்று அம்மாவைக் கேட்டேன். "அதுதான் கேஜ். உள்ள காத்து இருக்கா இல்லையான்னு சொல்றது. அது எரியற வரைக்கும் உள்ள எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம். அதை மட்டும் அணைக்கவே கூடாது" என்றாள். நடுராத்திரி எழுந்து ஜன்னலுக்கு வந்து, ஆய்வுக்கூடத்துப் பக்கம் பார்க்கிறாள். இங்கிருந்து அது தெரியாது. தெரிகிற மாதிரி பார்க்கிறாள்.

முந்தாநாள் செக்யூரிட்டி அண்ணன் கதவைத் திறந்துவிட்டபடி, "மேடம், பேய்க்கே இந்நேரம் கொட்டாவி வந்திருக்கும், நீங்க என்னடான்னா..." என்று சிரித்தார். அம்மா, "அவருக்கு ராத்திரிலதான் வேலை ஓடும்" என்றாள். அண்ணனுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புள்ளி மாறியிருக்கிற ராத்திரிகளில் அம்மா நன்றாக இருக்கிறாள். வீட்டுக்கு வந்து தட்டு போட்டுச் சாப்பிடுகிறாள். என் தலையை வாரிவிடுகிறாள். "இன்னைக்கு எவ்வளவு தெளிவா இருந்தது பாத்தியா, மனுஷன் கை சுத்தம்" என்கிறாள். மாறாத ராத்திரிகளில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

ஒரு தடவை, அம்மா பக்கத்து அறையில் இருந்தபோது, நானும் ஜன்னல் கண்ணாடியில் வாயை வைத்து "அப்பா" என்று கூப்பிட்டேன். கண்ணாடியில் ஆவி படிந்தது. என் மூச்சுதான். தெரியும். ஆனாலும் ஓடி வந்துவிட்டேன்.

பொடிசு


செப்டம்பர் 26

பொடிசு,

கேஜ்தான்.

அந்த ஆரஞ்சு இழை சூடேறிய கம்பி. அது எலக்ட்ரானைக் கக்கித்தான் காற்றை அளக்கிறது. கக்குவதில் கொஞ்சம் சிதறி வெளியே போகும். சிதறியது படிகத்தில் படும். படிகம் சூடாக இருப்பதால் அடுக்கு உரிகிறது. எலக்ட்ரான் கன் ஒரு மணி நேரத்தில் செய்வதை இது ஒரு வாரம் இழுத்துச் செய்கிறது.

உன் அம்மாவின் மேல் தப்பில்லை. அவள் மெஷின் பக்கத்து ஆள். அங்கே கேஜ் அணைந்தால் வால்வு தானாக மூடிக்கொள்ளும், வேலை நின்றுபோகும், அதனால் அவர்கள் அதை அணைக்கவே மாட்டார்கள். சேம்பர் பக்கத்து ஆட்கள் நாங்கள் படிகத்தை உள்ளே வைத்துவிட்டுக் கேஜை அணைக்காமல் வீட்டுக்குப் போனதே இல்லை. எதிரெதிர்ப் பழக்கம். இருபது வருஷம் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தும் இதை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. அண்ணன் அணைத்துவிடுவார், அதனால் பேச்சே வரவில்லை.

அன்றைக்கு எனக்கும் உன் அம்மாவுக்கும் சண்டை எதனால் வந்தது என்று உனக்குத் தெரியாது. சேம்பர் அறைக்குள் போனேன், இழை எரிந்துகொண்டிருந்தது, கை தானாகக் கேஜ் ஸ்விட்சுக்குப் போனது. நான் காற்றைத் திறந்துவிடப் போகிறேன் என்று அண்ணி நினைத்துவிட்டாள். என்னைப் பிடித்துத் தள்ளினாள். மேஜை முனை இடுப்பில் குத்தியது. அதற்குப் பிறகு யார் விளக்கம் சொல்வார்கள்? நான் சொல்லவில்லை.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. கேஜாக இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே படித்தேன். நானும் அவர் தங்கைதான்.

செய்ய வேண்டியது இது. சேம்பரின் வலப்பக்கம் ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும். திருப்பினால் உள்ளே ஒரு தகடு வந்து படிகத்தை மறைக்கும். தினமும் கிளம்பும்போது திருப்பு. மறுநாள் அம்மா பக்கத்து அறைக்குப் போனதும் மறுபடி விலக்கு. இழை எரிந்துகொண்டே இருக்கும், அவளுக்குத் தெரியாது. புள்ளி மாறாமல் நின்றுவிடும். அவளும் மெள்ள விட்டுவிடுவாள்.

அத்தை


அக்டோபர் 10

அத்தைக்கு,

நீங்கள் சொன்னபடி செய்தேன். மெள்ள விட்டுவிடுவாள் என்று எழுதினீர்கள். இங்கே என்ன நடந்தது என்று கேளுங்கள்.

புள்ளி நின்றுவிட்டது. முதலில் அம்மா மெஷினைச் சந்தேகப்பட்டாள். எல்லாவற்றையும் சரிபார்த்தாள். பிறகு திரையின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். "என்ன கோவம் உங்களுக்கு?" என்று கேட்டாள். "நான் என்ன பண்ணேன், சொல்லுங்க. சொன்னாத்தானே தெரியும்." அப்பா சட்டையில் மை கொட்டிக்கொண்டு வரும்போது கேட்பாளே, அதே குரல். நான் குமிழுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கழுத்தெலும்பு தெரிகிறது. ஒரு ராத்திரி திரும்பி வரும்போது, "நீ கூட வர்றதாலதான் அவர் வரலையோ என்னவோ" என்றாள். பிறகு, "சும்மா சொன்னேன்" என்றாள். சும்மா சொல்லவில்லை.

அதனால் நான் ஒன்று செய்தேன். போன வாரம் முழுவதும் தகட்டை மூடாமல் வந்தேன். தெரிந்தேதான். அப்பாவை உள்ளே விட்டுவிட்டு வந்தேன்.

புள்ளி மங்கியது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து என் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டாள், சின்ன வயதில் எனக்கு ஊட்டிய மாதிரி எனக்கும் ஒரு வாய் வைத்தாள். அப்புறம் சொன்னாள்: "தொறக்கப் போறாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிடுச்சு. அதான் வந்திருக்கார். என்னைத் தனியா விடமாட்டார்."

இப்போது அப்பா வருவதும் வராததும் ஒரு கறுப்புக் குமிழில் இருக்கிறது. அதைத் திருப்புகிறவள் நான். மூடினால் அம்மா பட்டினி கிடக்கிறாள். திறந்தால் அவருடன் கிளம்பத் தயாராகிறாள். எனக்குப் பதினாலு வயது, அத்தை. நீங்கள் பெரியவர். நீங்கள் ஏன் என் கையில் கொடுத்தீர்கள்?

தேதியை முன்னால் தள்ளிவிட்டார்கள். இருபதாம் தேதி சேம்பரைத் திறக்கிறார்கள். வந்து நீங்களே சொல்லுங்கள். அவள் தள்ளினால் தள்ளட்டும்.

பொடிசு


அக்டோபர் 15

பொடிசு,

ஏன் உன் கையில் கொடுத்தேன் என்று கேட்டாய். அவள் முகத்தைப் பார்க்கப் பயம், அதனால் உன்னை அனுப்பினேன். வேறொன்றுமில்லை.

பதினெட்டாம் தேதி ராத்திரி பஸ். பத்தொன்பது காலையில் உங்கள் வீட்டு வாசலில் இருப்பேன். பஸ் ஸ்டாண்டுக்கு வராதே. பள்ளிக்கூடம் போக வேண்டாம், வீட்டிலேயே இரு.

நான் வருகிறவரை அவளிடம் ஒன்றும் சொல்லாதே. தகட்டை மூடவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம். இருக்கிறபடி இருக்கட்டும். அவளைத் தனியாக மட்டும் விடாதே.

அவள் பிணத்தை நான் பார்க்கப் போவதில்லை. அவள் பேசுவதைத்தான் கேட்கப் போகிறேன். எவ்வளவு திட்டினாலும்.

அத்தை


அக்டோபர் 18, ராத்திரி

அத்தைக்கு,

நீங்கள் இந்நேரம் பஸ்ஸில் இருப்பீர்கள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை, காலையில் கையில் கொடுப்பேன். பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதி வைக்கிறேன். குளியலறையில் இல்லை, கூடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். ஒளிய வேண்டிய ஆள் வீட்டில் இல்லை.

சொல்லிவிட்டேன், அத்தை. நீங்கள் சொல்லாதே என்றீர்கள். என்னால் முடியவில்லை. சாப்பிடும்போது அம்மா, "நாளைக்கு ராத்திரி நீ கொசு வீட்டுல படுத்துக்கோ, அவ அம்மாகிட்ட பேசிட்டேன்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "நாளைக்குத்தானே கடைசி. எனக்கும் அவருக்கும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கு" என்றாள். என் பள்ளிக்கூடப் பையில் இரண்டு நாளைக்கு உடுப்பு வைத்திருந்தாள். ஒரு ராத்திரிக்கு எதற்கு இரண்டு நாள் உடுப்பு?

"அம்மா, அது கேஜ்" என்றேன்.

அவள் கை தட்டில் நின்றது. "என்னது?"

"கேஜ்ல இருந்து எலக்ட்ரான் சிதறுது. அது படிகத்துல படுது. அதான் புள்ளி மாறுது. அப்பா ராத்திரி அதை அணைச்சிட்டுத்தான் வருவாராம்."

எல்லாவற்றையும் சொன்னேன். குமிழை, தகட்டை, நான் மூடியதை, நான் திறந்துவிட்டதை. அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை, முதல் வாக்கியத்திலேயே புரிந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. பிறகு நான் சொன்னதெல்லாம் எனக்காகச் சொன்னது.

"உங்கத்தை சொன்னாளா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அன்னைக்குக் கை நீட்டினாளே..."

"அணைக்கத்தான்."

அப்புறம் விரலால் மேஜையில் ஏதோ கணக்குப் போட்டாள். "அவர் போன அன்னைக்கே அது எரிஞ்சிட்டுத்தான் இருந்துச்சு. அணைக்க ஆள் இல்ல. நானும் விட்டுட்டேன். அப்ப அவரோட பரப்பு முதல் வாரமே போயிருக்கும்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப இவ்வளவு நாளா நான் யாரைப் பாத்துட்டு இருந்தேன்?"

உங்களுக்குத் தெரிந்தால் காலையில் சொல்லுங்கள்.

தட்டைக் கழுவி வைத்தாள். என் தட்டையும் கழுவினாள். செருப்பைப் போட்டாள். கூட வருகிறேன் என்றேன். "வேணாம். உள்ள தாழ் போட்டுக்கோ" என்றாள். தனியாக விடாதே என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். படி வரைக்கும் பின்னாலேயே போனேன். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதற்கு மேல் கால் வரவில்லை. போனை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். உங்கள் எண் அதில் இல்லை. செக்யூரிட்டி அண்ணனின் எண்ணும் இல்லை.

எங்கள் கூடத்து ஜன்னல் வழியாக ஆய்வுக்கூடத்தில் சேம்பரின் காற்றை உறிஞ்சும் பம்ப் ஓடும் சத்தம் எப்போதும் கேட்கும். ராத்திரியும் பகலும். பிறந்ததிலிருந்து கேட்பதால் அப்படி ஒரு சத்தம் இருப்பதே எனக்கு நினைவிருந்ததில்லை.

இப்போது அது நின்றுவிட்டது.

சேம்பருக்குள் காற்றை விடுவதற்கு முன்னால்தான் பம்பை நிறுத்துவார்கள். அம்மா திறந்துவிட்டாள். அவர் போகிற அன்றைக்கு நானும் போய்விடுவேன் என்று சொன்னாளே, அத்தை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன். கதவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன். தாழில் கை வைத்தேன். போனால் என்ன பார்ப்பேன் என்று தெரியாமல், நின்றுகொண்டே, சுவரில் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறது. எழுதுகிறவரைக்கும் எதுவும் நடக்கவில்லை என்று

படியில் யாரோ. மெதுவாக ஏறுகிற காலடி. ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று.

கதவில் தட்டுகிறது. கீழே, அடிப்பக்கத்தில் தட்டுகிறது, கையால் இல்லை. மறுபடியும் தட்டுகிறது.

"பொடிசு, தூங்கிட்டியா? கதவத் தொற. ரெண்டு கையிலயும் உங்கப்பாவோட படிகத்தப் புடிச்சிட்டு நிக்கறேன்."

அத்தை, நான்